பதினேழாவது பக்கம்

பிரிண்டரில் இருந்து சுடச்சுட வெளியே வரும் காகிதத்துக்கு ஒரு வாசம் உண்டு. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் நான் வேலை பார்த்த டிடிபி சென்டரில் அதோடு காசிமேட்டு மீன் வாசமும் கலந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ்... எதை அடித்தாலும் அதே வாசம்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அங்கே நடந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் குழப்பமாகவே இருக்கிறது. உங்களிடம் சொன்னால் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

அந்தோணி அங்கிள் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். அதற்கு முன்னால் பட்டாளம். பங்களாதேஷ் போரில் வேவு பார்க்கும் படையில் இருந்தார். பெரிய படை போவதற்கு முன்பே ஐந்தாறு பேர் போய், எதிரி எங்கே இருக்கிறான், பாலம் தாங்குமா, ஆறு எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வரும் வேலை.

"சுடுறதுக்கு இல்லம்மா, பாக்குறதுக்குத்தான் எங்களுக்கு சம்பளம்" என்பார்.

அந்தப் படையின் போர்க்காலக் கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, மிச்சமிருக்கும் ஆட்கள் கூடும் நாளில் கொடுக்க வேண்டும் என்று ஒரு நீள நோட்டோடு வந்தார். நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு தலைப்பு... 'கண்டது', 'கேட்டது'. எதற்கு என்று கேட்டேன்.

"அது எங்க பழக்கம்மா. திரும்பி வந்ததும் ஒவ்வொருத்தனையும் தனியா குந்த வச்சி கேப்பாங்க. கண்ணால பாத்தது ஒரு பக்கம், காதுல வுயுந்தது ஒரு பக்கம். ரெண்டையும் கலந்து சொன்னா பின்னாடி வர்றவன் செத்துப்பூடுவான்."

தலையாட்டினேன். மண்டையில் ஏறவில்லை.

ஒரு நாளின் குறிப்பில் தேசிங்கு வந்தார். காசிமேட்டுக்காரர். கடலில் வளர்ந்தவர் என்பதால் ஆற்றில் முதலில் இறங்குவது எப்போதும் அவர்தான். 'கண்டது' என்பதன் கீழே, தேசிங்கு தண்ணீரில் இறங்கினான் என்று ஒரே வரி. 'கேட்டது' என்பதன் கீழே, தேசிங்கு குண்டடி பட்டு ஆற்றோடு போனான் என்று வேறொரு குழுவில் இருந்தவர்கள் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

அடித்து முடித்தால் பதினேழு பக்கம் வந்தது. மடித்து நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் ஏறும். ஒரு பக்கத்துக்காக மூன்று பக்கம் வெள்ளையாக நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது. தலைப்புகளை எல்லாம் எடுத்தேன். இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஓட்டினேன். 'என்று சொன்னார்கள்' என்று தொங்கிக்கொண்டிருந்த வால்களையும் வெட்டினேன். கச்சிதமாகப் பதினாறு. எனக்கே பெருமையாக இருந்தது.

அங்கிளுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. புரூஃப் பார்க்க முடியவில்லை. "நீ பாத்தா போதும்மா" என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் முடிந்து இருபது நாள் கழித்து வந்தார். புதுக் கண்ணாடி வந்து அன்றைக்குத்தான் படித்திருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். 'திருத்தம்: தேசிங்கு குண்டடி பட்டது நாங்கள் கண்ணால் கண்டதல்ல, காதால் கேட்டது.'

"இத சின்னச் சின்ன சீட்டா அடிச்சிக் குடும்மா. வூடு வூடா போய் ஒட்டிட்டு வர்றேன்."

அடித்து வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் கன்னியம்மா அக்கா உள்ளே வந்தார். தேசிங்கின் மனைவி. காசிமேட்டில் மீன் விற்பவர். 'காணவில்லை' என்றுதான் பட்டாளத்தில் இருந்து கடிதம் வந்ததாம். காதில் விழுந்ததை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதனால் முப்பது வருஷமாக நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டே இருந்தவர். ஏலம் விடுகிறவர்கள் 'பெரிய பொட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்குப் பொட்டு இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது.

ஒரு பக்கம் மிச்சம் பிடிக்கப் போய் நான்...

அவர் நேராக அங்கிளிடம் போனார்.

"கூட்டத்துல குடுத்த புக்க எம் பொண்ணு படிச்சிக் காட்டிச்சிண்ணா. கருமாதி முடிச்சிட்டேன். இத்தினி வருஷமா கதவு தட்டுற சத்தம் கேட்டா அதுதான் வந்துகீதோன்னு ஓடிகினு இருந்தேன். இப்பதான் தூங்குறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. புக்குல கீறத நீ கண்ணால பாத்தியா?"

ஃபேன் காற்றில் சீட்டுகள் படபடத்தன. அங்கிள் உள்ளங்கையை அவற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பாத்தேம்மா."

"ரொம்ப நேரம் கஸ்டப்பட்டுச்சா?"

"இல்லம்மா. ஒரு நிமிசம் கூட இல்ல."

அக்கா போன பிறகு அங்கிள் சீட்டுகளை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நிஜமாவே பாத்தீங்களா அங்கிள்?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

சொன்னது பொய்யா? இல்லை, பார்த்ததைத்தான் சொல்ல மனம் வராமல் இத்தனை வருஷம் 'கேட்டது' பக்கத்தில் வைத்திருந்தாரா? அப்படியானால் திருத்தம் எதற்கு? நான் செய்தது பாவமா, புண்ணியமா? எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அங்கிளும் இல்லை, அக்காவும் இல்லை.

இப்போதெல்லாம் எல்லையில் ட்ரோன் பறந்து எல்லாவற்றையும் படம் பிடித்துவிடுகிறதாம். என் மகன் எண்ணூரில் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பினால் போனில் ஒரு புள்ளி நகரும். அது டோல்கேட் தாண்டியதும் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். புள்ளி ஐந்து நிமிஷம் நின்றுவிட்டால் உடனே போன் போட்டுவிடுவேன்... அந்த அக்கா முப்பது வருஷம் எப்படித்தான் இருந்தாரோ.

அன்றைக்கு மேஜைக்கு அடியில் விழுந்த ஒரு சீட்டு என்னிடம் இருக்கிறது. அந்தப் புத்தகமும் இருக்கிறது. சில நாள் தேசிங்கு வரும் பக்கத்தைத் திறந்து, சீட்டின் பின்னால் பசைகூடத் தடவிவிடுவேன்.

இன்றுவரை ஒட்டவில்லை.