முதுகில் குறைந்துவந்த குறிகள்

எண்பதுகளின் நடுவில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் மனைவியை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கழுத்திலிருந்து முழங்கால்வரை வலி. காலையில் எழும்போதே யாரோ அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்பாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. இன்று ஃபைப்ரோமயால்ஜியா என்று பலருக்கும் தெரிந்த நோய்தான். அன்று அந்தப் பெயரை டாக்டரிடம் இரண்டுமுறை கேட்டுத்தான் எழுதிக்கொண்டேன்.

டாக்டர் சீனர், பொறுமையானவர். இந்த நோயைப் படம் பிடிக்க முடியாது, விரலால்தான் பார்க்கவேண்டும் என்றார். உடம்பில் பதினான்கு இடங்களில் கட்டைவிரலை வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்துவார். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: வலியா, வெறும் அழுத்தமா? வலி என்றால், அட்டையில் வரைந்த மனித உருவத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். மருந்து வேலை செய்கிறதா என்பதை அந்தக் குறிகளை வைத்துத்தான் அவர் முடிவுசெய்தார்.

அவளுக்குத் தமிழும் சந்தை மலாயும்தான் தெரியும். டாக்டருக்கு மலாய் அரைகுறை. ஆகவே நான் மொழிபெயர்த்தேன். முதுகுப் பக்கம் பார்க்கும்போது அவளை ஸ்டூலில் திருப்பி உட்காரவைப்பார். அவருக்கு அவள் முதுகு தெரியும். முகம் என் பக்கம் இருக்கும்.

முதல் இரண்டு தடவையும் உள்ளதைத்தான் சொன்னேன். படுக்கப் போகும்போது போட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்.

"ஏங்க, நேத்து நல்லா தூங்கிட்டேங்க," என்று ஒருநாள் அதிசயமாகச் சொன்னாள். வலி போகவில்லை. ஆனால் தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வந்தாள்.

மூன்றாம் தடவை, குறிகள் குறையாவிட்டால் வாரம் இரண்டுமுறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வரவேண்டும், மொழி சொல்ல நீங்களும் கூட வரவேண்டும் என்றார் டாக்டர். நான் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. "உனக்கு நோயா, உன் மனைவிக்கு நோயா?" என்று லீவு கேட்டபோது மேலதிகாரி ஏற்கெனவே கேட்டிருந்தார். பிறகு நான் செய்ததற்கு அதுமட்டும் காரணம் என்றால் பாதியை மறைத்தவனாவேன். படத்தில் இல்லாத வலி எப்படி இருக்க முடியும் என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. படித்தவன் அல்லவா.

டாக்டரின் விரல் அவள் தோளில் இருந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடி, "வலிக்குது," என்றாள். வெறும் அழுத்தம்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். 'பெயின்' என்ற சொல் அவளுக்குத் தெரியும். அதனால் அந்தச் சொல்லே வராதபடி பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் முதுகில் ஒன்றிரண்டு குறிகள் குறைந்தன. மார்பிலும் முழங்கையிலும் முழங்காலிலும் குறையவில்லை. அங்கே அவள் முகத்தை டாக்டரே பார்த்தார்.

"விசித்திரம், முதுகு மட்டும் நன்றாகத் தேறுகிறது," என்று சிரித்தார். ஒரு வருடத்தில், குறிகள் பாதியாகிவிட்டன என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"மாத்திரை தரலையே?" என்றாள் வெளியே வந்ததும்.

"உனக்குத் தேறிடுச்சுன்னு சொல்றாரு."

"எனக்கா?" பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். "சரி. அவருக்குத் தெரியாததா."

ஒரு வாரத்தில் தூக்கம் போயிற்று. சந்தைக்குப் போவதும் நின்றது.

அடுத்த தடவை டாக்டரின் அருகே ஒரு புது நர்ஸ் நின்றாள், தமிழ்ப்பெண். நான் இரண்டாவது முறை 'வெறும் அழுத்தம்' என்றதும் அவள் என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி வலிக்குதுன்னு தானே சொல்றாங்க? நீங்க என்ன லா வேற மாதிரி சொல்றீங்க?"

பிறகு டாக்டரிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் கேட்பதும், என் மனைவி "ஆமா" என்பதும் கேட்டது. மறுபடி "ஆமா". மறுபடி "ஆமா".

நாங்கள் குடியிருந்த புக்கிட் பாத்தோக்குக்குத் திரும்பும் பஸ்ஸில், அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தானே நின்னீங்க."

நான் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். தீரும்வரை போட்டாள். அடுத்த தேதி வந்தபோது, "போகலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இப்ப ஒண்ணும் வலிக்கல."

அந்த நர்ஸ் இருப்பாள், நான் வெளியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று கெஞ்சினேன். வரவில்லை. பிறகு ஒருபோதும் போகவில்லை.

இன்னும் பதினொரு வருடம் இருந்தாள். தலை சீவக் கையைத் தூக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கை பாதியில் நிற்கும். சற்று நின்று, பிறகு மெல்ல மேலே போகும். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.