இட்லிப் பானையில் என் பிறந்தநாள்

என் பத்தாவது பிறந்தநாள் கேக்கை எங்கள் வீட்டார் இட்லிப் பானையில் வைத்து அவித்தார்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அது கொரோனா ஊரடங்குக் காலம். ஆரணியில் தறிச்சத்தமே நின்றுபோயிருந்தது. பள்ளி இல்லை, தோழிகள் இல்லை, புதுச்சட்டையும் இல்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஒரே ஒரு கேக் கேட்டேன். ரோஜாப்பூ வைத்து, என் பெயர் எழுதிய சின்னக் கேக். கேட்டது தப்பா?

தப்புதான் என்பதுபோல் நடந்துகொண்டாள் சித்தி. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பால் பாக்கெட்டுக்குச் சோப்பு, கத்தரிக்காய்க்கு மஞ்சள் தண்ணீர். என்னை வாசற்படியில் கால் வைக்கவும் விடவில்லை. சித்தி மட்டும் ஒரு வேலையும் செய்யாமல் உள்ளறையில் படுத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பாள். அதை ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"வெளிய செஞ்சது எதுவும் வூட்டுக்குள்ள வேணாங்க்கா, பயமா கீது" என்று அம்மாவிடம் கெஞ்சினாள். என்னைப் பெற்ற அம்மாவும் அவள் பக்கமே சாய்ந்தாள்.

நான் சோறு வேண்டாமென்று குப்புறப் படுத்த பிறகுதான் சித்தப்பா இரங்கினார். கடைத்தெருவில் பேக்கரி வைத்திருந்தவர் வீட்டிலேயே செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டு, பட்டுப்புடவை வைக்கும் அட்டைப்பெட்டியில் கேக்கை மறைத்து சைக்கிளில் கொண்டுவந்தார். போலீஸ்காரர்களைத் தாண்டி வந்த கேக், எங்கள் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டது. கேக்கை எப்படிக் கழுவுவது என்று பெரியவர்கள் யோசித்தார்கள்.

சித்தப்பா சாயப்பட்டறைக்காரர். கச்சாப் பட்டைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் போட்டு, பசை எடுத்துச் சாயம் ஏற்றுபவர். கொதிக்க வைத்தால் எதுவும் சுத்தமாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

"பட்டே கொதிய தாங்குது அண்ணி, இந்தக் கேக்கு தாங்காதா? ஜல்தியா பானைய அடுப்புல வைங்க."

வைத்தார்கள். மூடியைத் திறந்தபோது ரோஜாப்பூவைக் காணோம், என் பெயரையும் காணோம். இட்லித் துணிமேல் இளஞ்சிவப்பாக ஏதோ குழைந்து கிடந்தது. நான் தெருவே கேட்கும்படி அழுதேன்.

"இனிப்பு இட்லின்னு நெனச்சிகினு துன்னு" என்றார் அப்பா.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்க்க சித்தி எழுந்து வந்தாள். ஒரு விள்ளலை வாயருகே கொண்டுபோனதுதான் தெரியும், வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். என் கேக்குக்கு! யாராவது அவளைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அம்மாவோ ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். அழுதது நான், முந்தானையால் துடைத்துவிட்டது சித்தி முகத்தை! என்ன நியாயம் இது?

"எடுக்கட்டும், நல்லா எடுக்கட்டும். இந்த வாட்டி தங்கிடும்" என்றாள் அம்மா. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாந்தி எடுத்தால் என்ன தங்கும் என்று கேட்டேன். போய்க் கேக்கைத் தின்னு என்று விரட்டினார்கள்.

மூன்று மாதம் முடிவதற்குள் வெளியே சொல்லக் கூடாதாம். முன்பு இரண்டு முறை ஆசை ஆசையாகச் சொல்லி, இரண்டு முறையும் கரு கலைந்துபோனதாம். மார்கழியில் சித்தி வயிற்றில் எனக்கொரு தம்பி பிறந்து, நான் பெரியவளான பிறகுதான் இதையெல்லாம் அம்மா சொன்னாள். அவனுக்கு மட்டும் வருடா வருடம் பூவும் பெயரும் கலையாத கேக் வருகிறது.

அன்றைக்கு நான், சித்திக்கு ஒரு துணுக்குகூடக் கிடைக்கக் கூடாது என்று, குழைந்த கேக்கை அடித்துணி வரை வழித்துத் தின்றேன். கொல்லையில் அவள் அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.