குணசேகரன் கேட்ட நான்கு நாள்

அம்பாங்கானில் இரும்புக்குச் சூடேற்றி உரம் கொடுக்கும் பட்டறை வைத்திருந்த குணசேகரன், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பால் இறந்துபோனார். வயது ஐம்பத்தாறு. அவருடைய மனைவி சாந்திதான் எனக்கு ஃபோன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாரு. உங்க சக்கரம் உலைக்குள்ள இருக்கு. நாளைக்குத்தான் ஆறும். அதுக்குள்ள ஆள கீள அனுப்பிடாதீங்க." அழுகைக்கு நடுவில்தான் இதைச் சொன்னார். அந்த வீட்டில் அப்படித்தான்.

லோபாக்கில் அவருடைய சாவு வீட்டுப் பந்தலில் பேசிக்கொண்டது உங்களில் பலருக்கும் கேட்டிருக்கும். "நல்ல மனுசன்தான்லா, ஆனா பிடிவாதம். கொஞ்சம் வளஞ்சு குடுத்திருந்தா இந்நேரம் ரெண்டு பட்டறை போட்டிருப்பான்." வாதாடும் இடம் அதுவல்ல என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று மூடப்போவதில்லை.

நான் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிப்பாகம் விற்பவன். பழக்குலைகளை மேலே ஏற்றும் சங்கிலி ஓடுகிறதே, அதன் பல்சக்கரம் வார்ப்பிரும்பு. வார்த்தபடியே மாட்டினால் பல் சீக்கிரம் தேயும். அவசரப்பட்டுக் கடினமாக்கினால் பல் தெறிக்கும். இரண்டுமில்லாமல் ஒரு சக்கரம் வேண்டுமென்றால் நான்கு நாள் ஆகும் என்பார் குணா.

பழக்கமான புதிதில் நான் அதை நம்பவில்லை. தோட்டத்தில் பிறந்தவன் நான். குலை வெட்டும் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கூர் நிற்கும் என்பது எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. இரும்பு இரும்புதானே என்று, ஒரு சக்கரத்தின் பற்களைக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கிவிட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. பெருமையோடு குணாவிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். நல்ல வார்ப்பு மணிபோல ஒலிக்கும். என் சக்கரம் விரிசல் விழுந்த சட்டிபோலச் சத்தம் போட்டது.

"கத்திக்குச் செய்யிறத இதுக்குச் செஞ்சிட்டீங்களாண்ணே?"

"வெளிய ஒண்ணும் தெரியலயே குணா."

"உங்க பிரஷர்கூடத்தான் வெளிய தெரியல. வார்ப்புக்குள்ள கரி செதில் செதிலா கெடக்கு. திடீர்னு குளுந்தா அந்தச் செதில் ஓரத்துலதான் கிழியும்."

அவருடைய முறை வேறு. வார்ப்பை மெதுவாகச் சூடேற்றி, நன்றாகச் சிவக்கும் முன்பே நிறுத்தி, உலையை மூடி உள்ளேயே ஆறவிடுவார். வார்க்கும்போது தங்கிய இறுக்கம் அதில் தளரும். பிறகு கடைசல் வேலை. அதன் பிறகுதான் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்குவது. எண்ணெயிலிருந்து எடுத்தது முழுக்க ஆறுவதற்குள் மறுபடியும் குறைந்த சூட்டில் வைப்பார். "கெட்டியானா மட்டும் போதாதுண்ணே, அடி தாங்கணும்" என்பார்.

ஒரு தீபாவளி வாரத்தில் ஆலைக்காரர் ஒருவர் வந்து நின்று புலம்ப, குணா மனம் இளகி உலையைப் பாதியில் திறந்துவிட்டார். சக்கரம் கடைசலிலேயே வெடித்தது. மறுநாள் உலைக்கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியைச் சாந்தியிடம் கொடுத்தார். "யாரு கேட்டாலும் குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத." பிறகொரு நாள் எனக்காக அவரே சாவியைக் கேட்டார். சாந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நாளைக்கு வாங்க. அண்ணனுக்கு டீ வேணுமான்னு கேளுங்க" என்றார். குணா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிடிவாதக்காரன் என்கிறீர்களே, பிடிவாதக்காரனுக்குப் பூட்டு எதற்கு?

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின தினம், நான் சக்கரம் கொடுக்கும் ஓர் ஆலையில் சாமான் வாங்கும் பொறுப்பிலிருக்கும் முரளி எனக்கு ஃபோன் அடித்தான்.

"பாஸ், இனிமே லேட்டாக்க ஆளில்லலா. சக்கரத்த ரெண்டு நாள்ல குடுத்துருங்க."

"செத்தது ஆளு, முரளி. இரும்பு அப்படியேதான் இருக்கு."

"வேற எடத்துல ரெண்டு நாள்ல தர்றாங்க பாஸ்."

"வாங்கிக்க. பல்லு போயி, பழமெல்லாம் லோரியிலயே அழுகுற அன்னிக்கு எனக்கு அடிக்காத."

வீராப்பாகச் சொல்லி ஃபோனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். என் வியாபாரத்தில் பாதி அந்த ஆலை. அது போனால், இப்போது பட்டறையை நடத்தும் சாந்தியின் உலையும் அணைந்துவிடும். முடிவெடுக்க வேண்டியவர் அவர் என்று பட்டறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். இரண்டு நாளில் செய்து கொடுத்தால் ஆர்டர் நிற்கும் என்பதையும் மறைக்கவில்லை.

"அவரு சொன்னாருன்னு நான் மாட்டேங்கலண்ணே," என்றார் சாந்தி. "பத்து வருசமா தட்டிப் பாக்குறது நான்தான். எந்தச் சக்கரம் எப்படிச் சத்தம் போடும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் வேணும்னா வேற உலையப் பாக்கச் சொல்லுங்க."

நான் வியாபாரி. இரும்பிடம் பேரம் பேச முடியாது, முரளியிடம் முடியும். அவனுக்குத் தேவை அவசரத்துக்கு ஒரு சக்கரம். அது இன்று செய்ததாக இருக்க வேண்டும் என்று எந்த ஆலையும் கேட்பதில்லை. முன்கூட்டியே செய்து வைத்துக் கொடுக்கிறேன் என்றேன். ஒரு வாரம் பதிலில்லை. போன வெள்ளிக்கிழமை கடைக்கே வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

பாசம், நினைவு என்று பெரிதாகச் சொல்ல எனக்கு வராது. குணாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய நான்கு நாள். அது இப்போது காகிதத்தில் இருக்கிறது: சக்கரம் ஒன்றுக்கு அறுநூற்றைம்பது ரிங்கிட், பழைய விலைதான், தள்ளுபடி கிடையாது, செய்து முடித்த இரண்டு சக்கரம் எப்போதும் என் அலமாரியில் இருக்கும், அதில் முடங்கும் முதலீடு என்னுடையது, எடுத்த ஒவ்வொன்றுக்கும் பதில் சக்கரம் செய்ய முழுசாக நான்கு நாள், ஆறு மாதத்துக்குள் பல் தெறித்தால் புதுசு இலவசம்.