சக்கரம் சுற்றிக் கொடுத்தவள்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கையே கிடையாது. சுடுகாட்டை ஒட்டின வயலில் விடிய விடியக் கரும்பு ஏற்றியிருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இது நடந்தது ராத்திரியில்கூட இல்லை, நல்ல வெயில் அடிக்கிற பகலில், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோட்டில்.

நான் மூங்கில்துறைப்பட்டு பக்கம். டிராக்டரும் டிரெய்லரும் வைத்துக் கரும்பு ஓட்டுகிறவன். அந்த வருஷம் எங்களுக்கு முதல் குழந்தை, பெண், பிறந்த மறுநாளே போய்விட்டது. அதற்குப் பிறகு என் மனைவி வாணி வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான், தேவைக்கு ஒன்றிரண்டு வார்த்தை தவிரப் பேச்சு நின்றுபோனது. எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வெள்ளிமலையில் கடை வைத்திருக்கிற அவள் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள், சரி என்றேன். கிளம்புகிற அன்று பார்த்தால் தையல் மெஷினையும் டிரெய்லரில் ஏற்றச் சொல்கிறாள். கொஞ்ச நாளைக்குப் போகிறவளுக்கு மெஷின் எதற்கு? எனக்குப் புரிந்துவிட்டது. மெஷினைத் தூக்கி ஏற்றிக் கட்டினேன்.

மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே டிரெய்லரின் இடது சக்கரத்தில் கரகரவென்று சத்தம், கூடவே கருகின வாசனை. இறங்கி சக்கரத்தின் நடுவில் கையை வைத்தால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அப்படியே ஓட்டினால் பேரிங் நொறுங்கிச் சக்கரமே கழன்று ஓடிவிடும், ஒரு பக்கம் பள்ளம் வேறு. ஓரம் கட்டினேன்.

"இன்னா ஆச்சிங்க?"

"பேரிங் காஞ்சி போச்சி. கழட்டி கிரீஸ் வெச்சாதான் வண்டி நவுரும்."

"மேல வளைவுல தண்ணிக் குழாய் கீது. புடிச்சிக்கினு வரேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கிப் பேரிங்கைக் கழற்றினேன். உருளையெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது, நல்லவேளை உடையவில்லை. டீசலில் கழுவித் துடைத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்து இண்டு இடுக்கெல்லாம் போகிற மாதிரி அழுத்தி அடைத்தேன். மறுபடி மாட்டி நட்டை முடுக்கும்போது ஒரு ஆள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் பேரிங் சரியாக உட்காரும். இறுகினதும் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதிகம் இறுகினால் கருகும், அதிகம் தளர்ந்தால் ஆடும். வீட்டில் எப்போதும் வாணிதான் சுற்றிக் கொடுப்பாள்.

நம்பினால் நம்புங்கள், நான் குனிந்து ஸ்பானரை மாட்டினதும் சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. தானாக என்று இப்போது சொல்கிறேன், அப்போது வாணி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். டயருக்கு அந்தப் பக்கம் டிரெய்லருக்கு அடியில் ஆள் இருந்தால் எனக்குத் தெரியாது. நிறுத்து என்றேன், நின்றது. திருப்பிச் சுத்து என்றேன், திரும்பிச் சுற்றியது. பதில் வரவில்லை, அவள்தான் அதிகம் பேசுவதே இல்லையே என்று விட்டுவிட்டேன்.

முகத்தைப் பார்க்காமல் இருந்ததால்தானோ என்னவோ, எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"பாப்பாவுக்கு நான் ஒரு பேரு வெச்சிருந்தேன் வாணி. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு இருந்தப்பவே நெனைச்சது. தேன்மொழின்னு. ஆருகிட்டயும் சொல்லல. இனிமே ஆரைக் கூப்புடப் போறோம்னு வுட்டுட்டேன்."

சக்கரம் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு ரொம்ப மெதுவாக, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் அசைந்தது. எனக்குக் கண் மறைத்தது. கையெல்லாம் கிரீஸ், தோளில் துடைத்துக்கொண்டு, நட்டுக்கு மேல் வருகிற மூடியைத் தட்டி மூடிவிட்டு எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. அழப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து மேல் வளைவிலிருந்து குடத்தோடு இறங்கி வந்தாள். முகத்தில் எத்தனையோ மாதமாக நான் பார்க்காத ஒரு தெளிவு.

"குழாய்கிட்ட ஒரு பொண்ணு வந்துச்சிங்க. பதினஞ்சி பதினாறு வயசு இருக்கும். கை ரெண்டும் கிரீஸு. தண்ணி ஊத்துங்கன்னு நீட்டுச்சி. நானே மண்ணு போட்டு தேய்ச்சிக் கழுவி வுட்டேன். பேரு இன்னான்னு கேட்டா தேன்மொழின்னுச்சி. நல்ல பேராச்சே, ஆரு வெச்சாங்கன்னேன். எங்கப்பாதான், இப்பதான் வெச்சாருன்னு சொல்லிட்டு சிரிக்குது. இன்னா பொண்ணுங்க அது?"

நான் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ இங்க வந்து சக்கரத்த சுத்தல?"

"நான் எங்க வந்தேன்? குழாய்ல தண்ணி நூலாட்டம் வருது, கொடம் ரொம்பறதுக்கு இந்நேரம் ஆச்சி."

எல்லாவற்றையும் சொன்னேன். வாணி கத்தவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்த வழியே ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். குழாயடியில் ஈர மண்தான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ரோடு ரொம்ப தூரம் தெரியும், ஒரு ஆள் இல்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து தன் கைகளை முகத்தோடு வைத்து முகர்ந்து பார்த்தாள்.

"கை சூடாத்தான் இருந்துச்சிங்க. நல்லா உசுரோட இருக்கற கை."

குழந்தை போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவர் மெஷினை இறக்க டிரெய்லரில் ஏறினார். "வேணாண்ணா, அது அங்கியே இருக்கட்டும்" என்றாள் வாணி. வெயில் தாழ இரண்டு பேருமாக மலை இறங்கினோம். சக்கரம் சத்தமே போடவில்லை.

பயம் என்றால் மறுநாள்தான் எனக்குப் பயம் வந்தது. சட்டையைத் துவைக்க எடுத்த வாணி, "இது இன்னா, ஜோபில கெடந்துது" என்று ஒரு கம்பியை நீட்டினாள். பேரிங் நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே செருகி மடக்குகிற காட்டர் பின், கழற்றும்போது பையில் போட்டுக்கொண்டு திரும்ப மாட்ட மறந்தது. அது இல்லாமலா அத்தனை வளைவும் ஏறி இறங்கினேன்? நட்டு எந்த நிமிஷமும் கழன்றிருக்கலாம். ஓடிப்போய்ச் சக்கரத்தின் மூடியைத் திறந்தேன். நட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பின் போகிற ஓட்டையில் தலைக்குக் குத்துகிற கொண்டை ஊசி ஒன்று செருகி, இரண்டு காலும் பக்குவமாக விரித்து மடக்கியிருந்தது.

"என்னுது இல்லிங்க" என்றாள் வாணி.

மெதுவாக நிமிர்த்தி உருவினேன். கிரீஸோடு கிரீஸாக அதில் ஒரு முடி ஒட்டிக்கொண்டு வந்தது, நீளமாக, சுருள் சுருளாக. வாணிக்குக் கோரை முடி. எங்கள் வீட்டில் சுருட்டை எனக்கு மட்டும்தான்.