ஒரே அழைப்புக்கு எழுந்த இருவர்

ஃபினாயில் வாடைக்குள் ஆரஞ்சுத் தோல் வாசனை. எங்கே, எப்போது இந்த இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினாலும் எனக்கு உடனே உட்கார இடம் வேண்டும். யாருக்கோ காய்ச்சல் என்று பார்க்கப் போயிருப்பேன், பக்கத்துக் கட்டிலில் யாரோ பழம் உரிப்பார்கள். அவ்வளவுதான். தென்னூர் டாக்டரம்மா வீட்டு வராந்தா வந்துவிடும். சுவரோரம் போட்ட நீள பெஞ்சு. அதில் முழங்காலோடு முழங்கால் இடிக்க நாங்கள், பிள்ளையில்லாதவர்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் பச்சைமலையிலிருந்து வந்த வேரை அரைத்துக் குடித்திருக்கிறேன், நாக்கு மரத்துப்போகிற கஷாயம் குடித்திருக்கிறேன், ஈரப்புடவையோடு நாற்பத்தெட்டு நாள் பிரதட்சிணம் வந்திருக்கிறேன். காய்கறிக்காரி சொல்லித்தான் இந்த டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தேன். குழாய் வழியாக உள்ளே காற்றை ஊதிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்ததும் தோளில் சுருக்கென்றது.

"தோள் வலிக்குதா? வலிச்சா நல்லது. வழி திறந்திருக்குன்னு அர்த்தம். அடுத்த தடவை அவரையும் அழைச்சிட்டு வாங்க."

அந்த வலியைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு பஸ் ஏறினேன். பாலத்தின் கீழே காவிரி முழுக்க எனக்காகவே போவதுபோல இருந்தது. ஸ்ரீரங்கத்தில், வீட்டில், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் புருஷன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போஸ்டாபீஸ் வேலைக்குக் கிளம்பினார். கடைசிவரை அந்த டாக்டர் வீட்டுப் படியை அவர் மிதிக்கவே இல்லை.

"ஆம்பளையை டாக்டர் என்ன பார்க்கறது? நன்னாயிருக்கு கூத்து!" என்றார் மாமியார்.

அடுத்த வாரம் மாமியார் அந்தப் பேச்சை எடுத்தார். என் தங்கையை அவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுப்பது.

"வெளியிலேர்ந்து எவளோ வர்றதுக்கு உன் கூடப்பொறந்தவளே வந்தா உனக்குத்தானே நல்லது? சட்டம் கிட்டம்னு பயப்படாதே. நீ வாயைத் திறக்காத வரைக்கும் எந்தச் சட்டமும் நம்ம வாசப்படி ஏறாது."

மாயவரத்தில் அப்பா ஒரு நாள் பூராவும் சாப்பிடவில்லையாம். பிறகு, "அவ சரின்னா சரி" என்று கடிதம் போட்டார். நான் சரி என்றேன். இதை ஒளித்து எழுத எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, யாரும் கையை முறுக்காமல், என் வாயால், சரி என்றேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தங்கைக்கு ஒன்றும் தெரியாது. பதினெட்டு வயது. "அக்காவுக்குத் துணை" என்று சொல்லி வரவழைத்திருந்தார்கள். ஊசி போட வரச்சொன்ன நாளில், கூடையும் கையுமாக என்னோடு தென்னூருக்கு வந்தாள்.

எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு என் வயதிருக்கும். இளையவள் தலை குனிந்திருந்தாள். மூத்தவள் ஆரஞ்சு உரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவள் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தங்கச்சிங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாம். நீங்க?"

"நாங்களும் அக்கா தங்கச்சிதாங்க."

என் தங்கை என் விலாவில் இடித்தாள். "பாரு, அந்த அக்கா எப்படி ஊட்டறா! நீயும் இருக்கியே."

டாக்டரம்மாவின் நர்ஸுக்கு ஒரு பழக்கம். நாங்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டோம் என்று தெரிந்து, நோட்டில் ஊரையும் தொழிலையும் எழுதிவைத்து அப்படியே கூப்பிடுவாள். "லால்குடி வாத்தியார்!" என்றால் வாத்தியார் பெண்டாட்டி எழுந்து போவாள். "உறையூர் சுருட்டு!" என்றால் ஒரு பருத்த அம்மாள் மூச்சு வாங்க எழுந்திருப்பாள்.

"மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்!"

மூத்தவளும் எழுந்தாள். இளையவளும் எழுந்தாள்.

"ஒருத்தங்க வாங்க. கூட வந்தவங்க உக்காருங்க."

"கூட யாரும் வரலைங்க," என்றாள் மூத்தவள். "ரெண்டு பேருந்தான் ரைஸ்மில்லு."

"ஐயையோ!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். கண் முன்னால் நடந்துபோன அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தேன். ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்த புடவைகள், ஒன்று பச்சை, ஒன்று அரக்கு.

கால் மணியில் வெளியே வந்தார்கள். உறையூர் அம்மாள் சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா சொன்னாங்க ரைஸ்மில்லுக்கு?"

"ரெண்டு மில்லும் நல்லா இருக்காம். நெல்லுதான் வரலையாம்."

பெஞ்சே குலுங்கியது. வாத்தியார் பெண்டாட்டிகூடத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ மில்லுக்காரரைக் கூட்டியாறதுதானே?"

"அவரா? எங்க மாமியா, மூணாவது பொண்ணு இருக்கான்னு எங்கம்மாகிட்ட ஆள் விட்டிருக்கு."

சிரிப்பு அறுந்தது. அதுவரை வாய் திறக்காத இளையவள் அக்காவைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. மணி என்ன என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"நீ கூப்பிட்டுத்தானே வந்தேன்?"

மூத்தவள் பெஞ்சில் கிடந்த தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"ஸ்ரீரங்கம் போஸ்டாபீஸ்!"

நான் எழுந்தேன். கூடையை எடுத்துக்கொண்டு என் தங்கையும் எழுந்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். நர்ஸ் பின்னாலிருந்து கத்தினாள். தெருவில் நின்ற குதிரை வண்டியில் ஏறி, "ஜங்ஷன்" என்றேன்.

"அக்கா, ஊசி போட்டுக்கலியா? ஜங்ஷன் எதுக்கு? என் பொட்டி ஸ்ரீரங்கத்துலே இருக்கே! அத்திம்பேர் தேடமாட்டாரா?"

பிளாட்பாரத்தில் வைத்து அந்த இரண்டாந்தாரப் பேச்சைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

கும்பகோணம், மாயவரம் வழியாகப் போகும் ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் மாயவரத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த மாமியிடம் சொல்லி, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு வேற்றாளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன்.

"திரும்பக் கூப்பிட்டா வராதே. நானே எழுதினாலும் வராதே. நான் செத்துப்போயிட்டேன்னு தந்தி வந்தாலும் வராதேடி!"