முருகேஷின் ஆடி மாதப் படம்

முன்னறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். கையில் இருந்த தோசைக் கரண்டியோடு ஓடினேன்.

"எந்தக் குழாய் முருகேசு?"

"படம் ஓடுதுங்க்கா," என்றான் முருகேஷ்.

டிவியில் ஒரு குழாய், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் குடம். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முருகேஷ் எங்கள் மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன். கொமரலிங்கத்தில் நெல் விளைவிக்கிறவர் மகன். திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் சேர்ந்தான். துணியைவிட ஜன்னலை அதிகம் பார்க்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது காங்கேயம் ரோட்டில், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், சீர், காதுகுத்து எல்லாம் எடுப்பான். மாப்பிள்ளை தலையில் ரோஜா மழை பெய்ய வைப்பான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. சும்மா கிடக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தனக்கென்று ஒரு படம் எடுக்கப் போய்விடுவான். அவன் மனைவி ஆஷா இதற்கு 'ஆடிப் பைத்தியம்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இந்த ஆடியில் அவன் எடுத்தது அன்புசெல்வியை. பனியனில் பிசிறு வெட்டும் வேலை, முதலிபாளையத்தில் லைன் வீடு. அவளுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் படம். கோயம்புத்தூரில் ஒரு சேனல்காரர் பார்த்துவிட்டு, பின்னணியில் யாராவது பேசினால் போடுகிறேன், இப்படியே என்றால் வேண்டாம் என்றிருந்தார். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். முருகேஷ் பெயர் போட்டு முதல் முறையாக ஒரு படம் ஊருக்குத் தெரியப்போகிறது. அந்தப் பேச்சை எழுத, அவனுக்குத் தெரிந்த ஒரே எழுத்தாளர் நான்.

நான் எழுதுவது வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள். என் கதாநாயகிகள் காபி ஆறுவதற்குள் அழுதுவிடுவார்கள். மழை பெய்யாமல் நான் யாரையும் பிரித்ததில்லை. படத்தின் கதை என்ன என்று போனில் கேட்டதற்கு, "குடம் நிறையுதுங்க்கா" என்றான். எனக்கு அது போதும். படத்தைப் பார்க்காமலே எழுதி முடித்துவிட்டேன்.

குடம் நிறைந்தது. அதற்கு ஒன்றும் அவசரமில்லை. அன்புசெல்வி தலை சீவினாள். சாப்பிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். பொய் சொல்லக் கூடாது, நான் நடுவில் போனைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போனேன். அணைத்திருந்தது தெரிந்தும் மறுபடி போனேன். நிட்டிங் மெஷின் ஓடும்போதே தூங்கிப் பழகிய என் கணவர் கிட்டுசாமி, சோபாவில் கண்மூடிக் கிடந்தார்.

வாசற்படிக் காட்சி வந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். "தாலி கட்டியவன் கைவிட்டான். தாய்வீடும் கதவடைத்தது. இந்தப் பேதையின் கண்ணீரை..."

"அந்தப் புள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க்கா."

"செரி, காதலிச்சவன் கைவிட்டான்னு மாத்திக்கலாம்."

"அப்படியும் யாரும் இல்லீங்க்கா. லீவு நாளுங்க. சும்மா உக்காந்திருக்குது."

கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "வாரத்துக்கு ஒரு நா லீவு. அன்னிக்கும் அந்தப் புள்ளைய அழுக வெக்கோணுமா?"

"நீங்க தூங்குங்க." முருகேஷிடம் திரும்பினேன். "ஒருத்தி சும்மா உக்காந்திருக்கறத யாரு பாப்பாங்க, கண்ணு?"

அவன் தயங்கினான். "நீங்க பாத்தீங்களேக்கா."

எங்கள் மகள் கல்யாண வீடியோவைச் சொன்னான். பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிய பிறகு, மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்குகிறார்கள். ஒரு நாற்காலியில் நான், மடியில் வெற்றிலைத் தட்டு. அழவில்லை, பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் செருப்பைத் தேடுகிறேன். அவ்வளவுதான். முதலில் போட்டுக் காட்டியபோது இருந்ததை, கடைசியில் வெட்டியிருந்தான். நான் சண்டை போட்டுத் திரும்பச் சேர்க்க வைத்தேன். "அதுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றவனிடம், "அதுதான் வேணும்" என்று சொன்னது சாட்சாத் நானேதான்.

"அதுக்கப்புறந்தானுங்க்கா இப்படி எடுக்க ஆரம்பிச்சேன்."

ஆஷா இத்தனை நாள் திட்டியதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது போலிருக்கிறது.

"மிச்சத்தப் போடு," என்றேன்.

அன்புசெல்வி இன்னும் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஏதோ வண்டி போனது. அது போகும்வரை பார்த்தாள். காலைச் சொறிந்துகொண்டாள். பிறகு தனக்குத்தானே சிரித்தாள். என் தொடரில் என்றால் அந்தச் சிரிப்புக்கு நான்கு அத்தியாயம் காரணம் சொல்லியிருப்பேன். இங்கே யாரும் சொல்லவில்லை. ஏன் சிரித்தாள் என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்தது எனக்குத் தெரியவில்லை.

"சலிப்பா இருந்துதுங்களாக்கா?"

"பாதி இருந்துச்சு கண்ணு. நான் எழுதுனதச் சேத்தா முழுசும் இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "சேக்கட்டுமுங்களா?"

"உன்ற படம். நீதான் சொல்லோணும்."

பென்டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வாசலுக்குப் போய் நின்று போன் செய்தான். "பேச்சு இல்லாமத்தானுங்க... இல்லீங்க, பாட்டும் வேண்டாமுங்க... செரிங்க. பரவால்லீங்க."

போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "வேண்டான்னுட்டாருங்க்கா."

"ஆஷாகிட்ட என்ன சொல்லுவ?"

"ஆவணி பொறந்தா ரோஜா மழைக்கு ஆள் வந்துருமுங்க்கா. அது ஒண்ணும் சொல்லாது." செருப்பை மாட்டிக்கொண்டான். "வர்றனுங்க்கா."

பைக் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.