ஆறு மாதத்தில் தேயும் லைனிங்

பிரேக்கைத் தேய்க்கிறவன் வண்டி ஓட்டத் தெரியாதவன் என்பது எங்கள் குடும்பத்தின் உறுதியான நம்பிக்கை. எழுபதுகளின் இறுதியில், நாமக்கல்லுக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான்கு லாரிகள் ஓடின. நல்ல ஓட்டுநர் கியரிலேயே வண்டியை அடக்குவார் என்பார்கள். என் கணவரின் அம்பாசிடருக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரேக் லைனிங் மாற்ற வேண்டியிருந்தது. லாரிகளைக் கவனித்துவந்த அவருடைய அண்ணன், சாப்பிடும்போது எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார்: "தம்பி காலு பிரேக்கு மேலயே படுத்துத் தூங்குதாட்ட இருக்குது." என் கணவர் சிரித்தபடி மோரை ஊற்றிக்கொள்வார். அவர் பயந்து ஓட்டுகிறவர் என்றே நானும் நம்பினேன். உள்ளூரச் சற்று வெட்கமும் பட்டேன்.

லைனிங் வாங்கச் சேலத்துக்குப் போகும்போதெல்லாம், எனக்குக் கண்ணாடிப் பவர் பார்க்க வேண்டும் என்று சொல்லி என்னையும் அழைத்துப் போவார். என் பவர் ஒருமுறையும் மாறியதில்லை. பெரியவர்கள் நிறைந்த அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பகலில் நின்று பேசிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. வண்டி புதுச்சத்திரம் தாண்டியதும்தான் அவர் வாய் திறப்பார். நான் படித்துக்கொண்டிருக்கும் நாவலின் கதையைச் சொல்லச் சொல்வார். போன பயணத்தில் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பது எனக்கு மறந்திருக்கும்; அவருக்கு மறந்திருக்காது. செவ்வாய்ப்பேட்டையைத் தாண்டி ஒரு சந்தில் இருந்த கடையில், பழைய லைனிங்கைப் பிரித்துப் புதியதை ரிவிட் அடித்துத் தர இரண்டு மணி நேரமாகும். அந்த இரண்டு மணி நேரமும் எங்களுடையது.

ஒருமுறை, லைனிங் உரசும் பிரேக் டிரம்மும் தேய்ந்து, இனிக் கடைசல் பிடித்துச் சமன்செய்ய முடியாது என்றாகிவிட்டது. புது டிரம்மைத் தானே பார்த்து எடுப்பதாக அண்ணனும் கிளம்பினார். "லைனிங்கும் இந்தத் தடவ நாலஞ்சு வருசத்துக்குத் தாங்கறாப்பல போட்டறலாம்" என்று சொல்லிக்கொண்டே முன்னிருக்கையில் அமர்ந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். சேலம்வரை லாரி டயரைப் பற்றியே பேச்சு நடந்தது. இனி நாங்கள் இருவர் மட்டும் போகும் பயணம் இருக்காது என்று மல்லூர் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

கடையில் அண்ணன் டிரம்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, ஸ்பேனரால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். விரிசல் இருந்தால் ஓசை மந்தமாக வரும். இரண்டைத் தேர்ந்து வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, வெண்ணெயாட்டக் கரையற லைனிங்கையே எந்தம்பிக்குக் குடுத்துட்டிருக்கறீங்களே, கடையில வேற சரக்கே இல்லீங்களா?"

கடைக்காரர் வெள்ளந்தியான மனிதர். மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பிரித்தார்.

"இருக்குதுங்க. இது மூணு வருசம் வரும். நல்லாப் புடிக்கும், டிரம்மையும் திங்காது. ஒவ்வொருக்காவும் எடுத்துக் காட்டறனுங்க. இவருதான், 'சீக்கிரம் தேயறதே இருக்கட்டுமுங்க'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாருங்க."

என் கணவர் தெருவில் போன ஒரு மாட்டு வண்டியை அவசியமில்லாமல் கவனித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார்; பிறகு, வாசலோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். நான் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தலைகுனிந்தேன்.

அண்ணன் அந்த மூன்று வருடப் பெட்டியை மூடித் தள்ளிவைத்தார்.

"செரி, பழசையே போடுங்க. அவங்காலுக்கு அதுதான் பழக்கம்." பிறகு தம்பியிடம், "எனக்கு லாரி ஆபீசுல ஒரு சோலி இருக்குது. நான் பஸ்ல போய்க்கறேன். அம்மிணிக்கு என்ன வேணுமோ வாங்கிக் குடுத்து, மெதுவாக் கூட்டிட்டு வா."

திரும்பும்போது நான் கேட்டேன்: "நெசமாத்தானுங்களா?"

"கதை பாதியில நிக்குது. அந்தப் புள்ள கடிதாசியப் பிரிச்சாளா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல" என்றார் அவர்.

அதன்பின் ஆறு மாதம் நெருங்கினால் அண்ணனே சாப்பிடும் இடத்தில் சொல்லத் தொடங்கினார்: "பிரேக்குல சத்தங் கேக்குது தம்பி, சேலம் போயிட்டு வந்துரு." சில சமயம் எந்தச் சத்தமும் இருக்காது. அவர் அந்த ரகசியத்தை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்களிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

என் கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சாலையில் பேருந்தில் போகும்போது, சொல்லி முடிக்காத கதைகள் இன்னும் நினைவுக்கு வருகின்றன. ஒருவருடைய அன்பைக் கண்டுகொண்டும் காணாதவர்போல் பேருந்து ஏறிப் போய்விடுவதும் ஒரு அன்புதான் என்பதை நான் அந்தக் கடை வாசலில்தான் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். வீட்டில் இப்போது அந்த ரகசியம் தெரிந்த அண்ணனும் நானும் மட்டும் இருக்கிறோம்.